அறியாமல் சாயும் மனம்

(தில்லி முனிர்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியமோ சமயமோ வரலாறோ பேசுவது நம் வழக்கம். தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விழாப் பொறுப்பாளர்கள் என்னிடமே விட்டார்கள். நமக்குள்ளே நமக்கே தெரியாமல் குடியிருக்கும் பாரபட்சத்தை எப்படிக் கண்டுகொள்வது, கண்டபின் அதை எப்படிக் கடப்பது என்பதை இன்று பேச விரும்புகிறேன்.

வேண்டுமென்றே ஒருவரை இழிவு செய்பவரைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவரைக் கேள்வி கேட்க அரசமைப்பின் 15, 17ஆம் பிரிவுகளும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. நான் பேசப்போவது நல்லவர்களைப் பற்றி. சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை, ஊர் பார்ப்பதில்லை என்று மனமார நம்புகிறவர்கள் இவர்கள். பொய் சொல்கிறவர்கள் அல்லர். ஆனால் இவர்கள் எடுத்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இந்த அவையில் இருக்கும் பெரும்பாலோர், என்னையும் சேர்த்து, இந்த வகையினர்தாம்.

நான் சொல்லவரும் கருத்து ஒன்றுதான். இந்தச் சாய்வை நெஞ்சில் கைவைத்துத் தேடினால் கிடைக்காது. நாம் எடுத்த முடிவுகளின் கணக்கில் தேடினால் கிடைக்கும். ஆகவே, மனம் திருந்தட்டும் என்று காத்திராமல், முடிவெடுக்கும் முறையையும் சேர்ந்து வாழும் முறையையும் முதலில் திருத்த வேண்டும்.

முனிர்கா கற்றுத்தரும் பாடம்

இதைப் பேச முனிர்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்த ஊரின் விளைநிலங்கள் அரசின் கையகப்படுத்தலில் போய், சுற்றிலும் ஆர்.கே. புரமும் வசந்த் விஹாரும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் (ஜேஎன்யூ) எழுந்தன. நிலம் போனவர்களுக்கு வீடு மிஞ்சியது. வீட்டின்மேல் மாடி, மாடிமேல் மாடி என்று கட்டி வாடகைக்கு விட்டார்கள். இன்று இந்தக் குறுகிய சந்துகளில் மணிப்பூர்ப் பெண் ஒரு மாடியிலும், பீகார் மாணவர் அடுத்த மாடியிலும், மதுரையிலிருந்து குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்த பையன் அதற்கு மேலும் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் இங்கே தங்குவதற்கு முன்னால் யாரோ ஒருவர் 'சரி' என்று சொல்லியிருக்கிறார். 'சரி' கிடைக்காமல் திரும்பிப் போனவர்களை நாம் பார்ப்பதில்லை.

2014ஆம் ஆண்டை இந்தப் பகுதி மறக்க முடியாது. அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று லாஜ்பத் நகர்க் கடைத்தெருவில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியம் என்ற மாணவரின் தலைமுடியைச் சிலர் கேலி செய்தார்கள். கேலி சண்டையாகி, அவர் தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். வயது 19. பிப்ரவரியில் இதே முனிர்காவில் ஒரு மணிப்பூர்ச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். வடகிழக்கு மக்கள் திரண்டு நீதி கேட்டார்கள். அதற்குப் பிறகு, அவர்களுக்கு இங்கே வீடு தரவேண்டாம் என்ற பேச்சு எழுந்ததாக நாளேடுகள் எழுதின. மத்திய அரசு எம்.பி. பெஸ்பரூவா தலைமையில் குழு அமைத்தது. தலைநகரிலும் பிற பெருநகரங்களிலும் வடகிழக்கினர் படும் பாட்டை ஆராய்ந்து, சட்டத் திருத்தம் முதல் பாடத்திட்டம் வரை பல பரிந்துரைகளை அந்தக் குழு அதே ஆண்டு ஜூலையில் தந்தது.

கொலையும் வன்கொடுமையும் குற்றங்கள். அவற்றை அறியாத பாரபட்சம் என்று யாரும் மென்மையாக்கக் கூடாது. நான் காட்ட விரும்புவது அவற்றைச் சுற்றியிருந்த அன்றாட வாழ்க்கையை. 2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கு ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. எப்படி உடுத்த வேண்டும் என்று அது அறிவுரை சொன்னது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற மணம் மிகுந்த உணவுகளைச் சமைக்கும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னது. பாதுகாப்பு வேண்டியவரைத் திருந்தச் சொல்லிவிட்டு, முகம் சுளிக்கும் அண்டைவீட்டாரைச் சும்மா விட்டது. அக்கறையோடு எழுதப்பட்ட கையேடுதான் அது. கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் சன்னலைச் சாத்திக்கொண்ட தமிழ்க் குடும்பத்துக்கு, அந்த அறிவுரையில் எங்கே அடி விழுகிறது என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்துபோகும் தூரத்தில் ஒரு சான்று

பாரபட்சம் இருக்கிறது என்று சொன்னால், 'யார் சொன்னது, எங்கே அளந்தார்கள்?' என்று கேட்பீர்கள். அளந்தவர் இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜேஎன்யூவில் பேராசிரியராக இருந்தார். பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட், பிற்காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தவர்.

அவரும் பால் அட்வெல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் தந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. படிப்பு ஒன்று, தகுதி ஒன்று. பெயர் மட்டும் வேறு. சில விண்ணப்பங்களில் உயர்சாதி இந்துப் பெயர், சிலவற்றில் தலித் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் சாத்தியத்தை ஒன்று என வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது.

வீட்டு வாடகையையும் தோரட்டும் அவருடைய குழுவினரும் அளந்தார்கள். 2015இல் வெளிவந்த அந்த ஆய்வு தில்லியிலும், நொய்டா, குர்கான் போன்ற சுற்று நகரங்களிலும் நடந்தது. உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று பிரிவுக்கு 493 பேர் வீடு கேட்டார்கள். உயர்சாதியினருக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் வீடு கிடைத்தது. தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாகவே மறுப்பு. இன்னும் பலருக்கு வீடு உண்டு, ஆனால் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. மறுப்பையும் நிபந்தனையையும் சேர்த்துப் பார்த்தால் தலித்துகளில் 41 விழுக்காட்டினரும் முஸ்லிம்களில் 66 விழுக்காட்டினரும் பாதிக்கப்பட்டார்கள்.

இந்த எண்களில் என்னை உலுக்குவது ஒன்று உண்டு. இந்த வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டால், 'எனக்கு யார்மேலும் வெறுப்பு இல்லை' என்றே பெரும்பாலோர் சொல்லியிருப்பார்கள். அது உண்மையாகவும் இருந்திருக்கும். வேலை விண்ணப்ப ஆய்வு நடந்த ஆண்டுகளில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் தில்லிப் பகுதியின் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த 25 மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதி ஒன்றையே பார்ப்பதாக அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அதே மூச்சில், வேலை கேட்டு வருபவரின் குடும்பப் பின்னணியை அவசியம் விசாரிப்பதாகவும் சொன்னார்கள். தகப்பன் என்ன செய்கிறார், எந்த ஊரில் வளர்ந்தாய் என்ற கேள்விகள் தகுதியை எப்படி அளக்கும் என்பது அவர்கள் மனத்தில் தோன்றவே இல்லை.

நம் வாயில் வரும் காரணங்கள்

பாரபட்சம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது நியாயமான காரணத்தின் குரலில் பேசும். நம் வீடுகளில் அது பேசும் வாக்கியங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 'எனக்கு ஒண்ணுமில்ல, வீட்ல பெரியவங்க இருக்காங்க.' 'பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்களோ.' 'நல்ல பையன்தான், ஆனா நமக்குச் சரிப்பட்டு வராது.' 'நம்ம ஆளுன்னா ஒரு நம்பிக்கை.' 'சைவம் சாப்பிடறவங்களா இருந்தா தேவலை.'

கூர்ந்து பாருங்கள். இந்த வாக்கியங்களில் மறுப்பவர் எப்போதும் வேறொருவர்: பெரியவர்கள், அண்டைவீட்டார், ஊர் வழக்கம். சொல்பவர் நடுவில் நிற்கும் நல்லவர். இன்னொன்றையும் பாருங்கள். கேட்பவர் மாறினால் காரணமும் மாறும். இளைஞனுக்கு வீடு இல்லையென்றால், கல்யாணமாகாதவன் என்பது காரணம். கல்யாணமானவருக்கு இல்லையென்றால், குழந்தைகள் சத்தம் போடும் என்பது காரணம். குழந்தை இல்லாதவருக்கு இல்லையென்றால், 'தம்பி மகன் தில்லிக்கு வரப்போகிறான்.' நம்மைப் பற்றி அறிய இது ஒரு முதன்மையான அடையாளம். முடிவு மாறாமல் இருக்க, காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறினால், முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. காரணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்று கற்றுக்கொண்ட தலைமுறை நாம். ஆகவே 'எந்த ஊர்?' என்று தொடங்குகிறோம். 'அந்த ஊர்ல எந்தப் பக்கம்?' என்று நெருங்குகிறோம். குலதெய்வம் எது, எந்தத் தெரு என்று போய்ச் சேர்கிறோம். சொந்த ஊர்ப் பாசத்தால் கேட்பதாகவே நினைக்கிறோம். பதில் கிடைத்தபிறகு நம் குரலில் நேரும் மாற்றத்தை எதிரில் இருப்பவர் கண்டுகொள்வார். நாம் கண்டுகொள்ள மாட்டோம்.

மனத்தை அளக்கும் கருவியும் அதன் எல்லையும்

அறிவியல் இதை எப்படிப் பார்க்கிறது? 1998இல் அமெரிக்க உளவியலாளர் ஆண்டனி கிரீன்வால்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மறைமுகத் தொடர்புச் சோதனை என்ற ஒன்றை வெளியிட்டார்கள். இதைப் பரவச் செய்ததில் பெரும் பங்கு மஹ்ஜரின் பனாஜிக்கு உண்டு. செகந்திராபாத்தில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியரானவர். கணினித் திரையில் முகங்களும் சொற்களும் மாறிமாறி வரும். இரண்டு விசைகளில் ஒன்றை அழுத்தி அவற்றை வகைபிரிக்க வேண்டும். ஒரு பிரிவினரின் முகமும் நல்ல சொற்களும் ஒரே விசைக்கு வரும்போது விரல் விரைகிறது. இன்னொரு பிரிவினரின் முகமும் நல்ல சொற்களும் ஒரே விசைக்கு வரும்போது விரல் தயங்குகிறது. நொடியின் சிறு பகுதிதான் அந்தத் தயக்கம். தன்னிடம் வேற்றுமை இல்லை என்று நம்பியவர்களிடமும் அது தென்பட்டது.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. ஒரே மனிதர் இன்று எடுக்கும் அளவும் அடுத்த வாரம் எடுக்கும் அளவும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். 2019இல் 492 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த அளவைச் சிறிது மாற்ற முடிந்தது. ஆனால் அந்த மாற்றம் நடத்தையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அரைநாள் பயிற்சி வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, பாரபட்சம் ஒழிந்தது என்று அறிவிக்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பின் கோணலை எப்படிக் கண்டுகொள்வது? வணிகர்களின் தராசுக்கு முத்திரை வைப்பதை எடுத்துக்கொள்வோம். தராசு கோணியிருப்பது தராசுக்குத் தெரியாது. நேர்மையான கடைக்காரருக்கும் தெரியாது. தினமும் அதிலேயே நிறுக்கிறார், கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முத்திரை ஆய்வாளர் வந்து, எடை தெரிந்த கல்லை வைக்கும்போதுதான் கோணல் தெரிகிறது. தோரட்டின் விண்ணப்பங்கள் அந்தக் கல். ஒரே தகுதியை வேறு வேறு பெயரோடு வைத்தார். தட்டு ஒரு பக்கம் தாழ்ந்தது. கடைக்காரர் கெட்டவரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. தராசைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். நம்மைப் பற்றியும் இப்படி நினைக்கப் பழகினால், 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று வாதாடும் ஆற்றலைத் திருத்துவதற்குச் செலவிடலாம்.

அடிபட்டவரும் அடிக்கிறார்

துன்பப்பட்டவருக்குப் பிறர் துன்பம் தானாகப் புரியும் என்று நம்புகிறோம். வரலாறு அதற்கு உறுதி தரவில்லை.

தமிழர் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். இந்த நகரத்தில் மூன்று தலைமுறையாக நம்மை ஊர் பேர் கேட்காமல் 'மதராசி' என்று ஒரே கூடையில் போட்டார்கள். 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை, பம்பாயில் வேலை பார்த்த தென்னிந்தியர்களைத்தான் முதலில் குறிவைத்தது. தெரிந்த வலிதான் அது. ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் கட்டடத்துக்கும் பின்னலாடைக்கும் உழைக்க வரும் பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்களை நாம் 'வடக்கன்' என்கிறோம். ஒரு திருட்டு நடந்தால், விசாரணைக்கு முன்பே நம் கண் எங்கே போகிறது? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அவை பொய்யென்று நிறுவப்பட்டது நமக்கு ஆறுதல். அந்தப் பொய்யை அத்தனை தொழிலாளர்கள் ஏன் உடனே நம்பினார்கள் என்ற கேள்வியை அந்த ஆறுதலில் நாம் தொலைத்துவிடக் கூடாது.

இன்னும் ஆழமான ஒன்றும் இருக்கிறது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட ஓர் இந்திய ஆய்வில், பிள்ளைகளின் விடைத்தாள்களின் முகப்பில் சாதி முதலிய விவரங்களைக் குலுக்கல் முறையில் எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சற்றே குறைந்தது. அந்தக் குறைவு உயர்சாதி ஆசிரியர்களிடம் தென்படவில்லை; தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களிடமே தென்பட்டது. இதைக்கொண்டு உயர்சாதியினருக்கு நற்சான்று எழுதிவிடக் கூடாது. ஓர் ஆய்வு அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆனால், சமூகம் ஒருவரைப் பற்றிச் சொல்லும் இழிவை அவரும் கேட்டுத்தான் வளர்கிறார் என்பதை அது காட்டுகிறது. உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் நடத்திய சோதனையில், சாதியை அறிவிக்காதபோது தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்கு இணையாகப் புதிர்ப்பாதைகளைத் தீர்த்தார்கள். சாதியைச் சொல்லி அழைத்தபின் அவர்கள் தீர்த்த எண்ணிக்கை குறைந்தது. ஒரு பெயர்ப்பட்டியலைச் சத்தமாக வாசிப்பதே ஒரு குழந்தையின் கையைத் தளரச் செய்யும் என்றால், ஆசிரியர்கள் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

நம் முன்னோர் கண்ட வழிகள்

முறையை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதைக் கைவிடும்படி தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் படிப்படியாக ஒரு மாநிலத்தின் வழக்கமாயிற்று. தோரட் செய்த விண்ணப்பச் சோதனையைத் தமிழ்ப் பெயர்களை வைத்து அதே வடிவில் செய்வது கடினம். ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் சாதியைச் சொல்லாது. எவர் மனத்தையும் திருத்தக் காத்திராமல், மனம் சாய்வதற்கு வேண்டிய தகவலையே எடுத்துவிட்டார்கள். வடக்கே வந்தபின் படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள் என்று திண்டாடும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் அந்தத் தீர்மானத்தின் வாரிசு.

நம் அரசுத் தேர்வுகளில் விடைத்தாளுக்கு டம்மி எண் போடுகிறார்களே, அதுவும் இந்த அறிவுதான். திருத்துபவர் நல்லவராக இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். தாள் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. 

இன்னும் பின்னோக்கிப் போனால், பத்தாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுக்கும் கைக்குச் சார்பில்லை. ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பதற்கு நில உரிமை, சொந்த மனை, வேதக் கல்வி என்று தகுதிகள் இருந்தன. அந்த ஊரில் உழுதவரின் ஓலையும் பெண்களின் ஓலையும் குடத்துக்குள் போகவே இல்லை. இன்றைய நிறுவனங்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். நேர்காணலை எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும், விளம்பரம் நம் வாட்ஸ்அப் குழுவுக்குள் மட்டும் போனால், சாய்வு குடத்துக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

சேர்ந்து வாழ்தல்

தகவலை மறைப்பது முதல் படி. வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் திரை போட்டுப் பார்க்க முடியாது. மனமும் மாறத்தான் வேண்டும். அது எதனால் மாறுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்றுகள் உண்டு.

2007இல் தில்லியின் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஏழைப் பிள்ளைகளுக்கு 20 விழுக்காடு இடம் ஒதுக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. வசதியான பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர்கள் அஞ்சினார்கள். பொருளியலாளர் கௌதம் ராவ் அதை ஆராய்ந்தார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகள் அதிகம் பகிர்ந்துகொள்கிறவர்களாக, பிறருக்கு உதவ முன்வருகிறவர்களாக ஆகியிருந்தார்கள். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையை எடுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் எழுத்து வரிசைப்படி பிரித்திருந்தார்கள். அருகருகே உட்கார நேர்ந்த அந்தப் பழக்கம்தான் மாற்றத்துக்குப் பெரும் காரணம் என்று அவர் காட்டினார். எழுத்து வரிசை என்ற சாதாரண விதி, எந்த நீதிபோதனை வகுப்பும் செய்யாததைச் செய்தது.

ஆனால் எந்தச் சேர்க்கையும் நல்லது செய்துவிடாது. மேட் லோ என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். கிரிக்கெட் போட்டிகளில் அவர்களைக் குலுக்கல் முறையில் சேர்த்தார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதிக்காரனுக்கே சலுகை தரும் போக்குக் குறைந்தது. எதிரணியாக மோதியவர்களிடம் அந்த நன்மை விளையவில்லை; பழக்கம் குறையவும் செய்தது. ஒரே இலக்குக்காகச் சமமாக உழைப்பதுதான் மனத்தை மாற்றுகிறது. வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணோடு பத்தாண்டுப் பழக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இந்தக் கணக்கில் சேராது. அங்கே சமம் இல்லை.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் எஸ்தர் துஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். ஊராட்சித் தலைவரின் ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து ஊராருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்புத் தந்தார்கள். இட ஒதுக்கீட்டால் பெண் தலைவரின் நிர்வாகத்தைப் பார்த்த ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்தது. தலைவராகப் பெண்ணை விரும்புகிறீர்களா என்று கேட்டால், ஆண்களின் பதில் அதிகம் மாறவில்லை. விருப்பம் மாறாமலே மதிப்பீடு நேராகிவிட்டது! மனம் முழுதாக மாறும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் 1997இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் இதே சிந்தனையின் வடிவம். மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் எழுந்தது. நூறு வீடுகள்: 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 பிறருக்கு. சுடுகாடும் பொது. எல்லாச் சமத்துவபுரங்களும் எண்ணியபடி வாழவில்லை என்பது உண்மை. அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதை நம் விருப்பத்துக்கு விடாமல் ஒரு விதிக்கு விட்ட துணிவு, அப்படியிருந்தும், போற்றத்தக்கது.

நாம் செய்யக்கூடியவை

இனி நம் வேலையைப் பேசுவோம்.

வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கு: ஆள் வருவதற்கு முன்பே நிபந்தனைகளைத் தாளில் எழுதிவிடுங்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தெந்தச் சான்றுகள் வேண்டும், போலீஸ் சரிபார்ப்பு எப்போது. வருகிற எல்லோருக்கும் அந்தத் தாள் ஒன்றே. நிபந்தனைக்கு உட்பட்டு முதலில் வந்தவருக்கு வீடு. வாடகை வராமல் போகுமோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு மருந்து சம்பளச் சான்றில் இருக்கிறது, குடும்பப் பெயரில் இல்லை. இதுவரை யார் யாருக்கு வீடு கொடுத்தோம், யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

ஆள் எடுக்கிறவர்களுக்கு: கேள்விகளை முன்பே தீர்மானித்து, எல்லோரிடமும் அவற்றையே, அதே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடுங்கள். 'பையன் நம்மோடு ஒட்டுவான்' என்ற உணர்வு வந்தால், எதனால் வந்தது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத காரணத்துக்கு மதிப்பெண் கூடாது.

ஆசிரியர்களுக்கு: பெயரை மடித்துவைத்துத் தாளைத் திருத்துங்கள். வகுப்பில் யாரை அடிக்கடி எழுப்பிக் கேள்வி கேட்கிறோம் என்று ஒரு மாணவரையே குறிக்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஒன்று. 'நீங்கள் அப்போது பேசியது எனக்கு வலித்தது' என்று ஒருவர் சொன்னால், விளக்கம் சொல்லத் தொடங்காமல் கேளுங்கள். நம் கோணல் நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டபின், அதைக் காட்டுகிறவர் நமக்கு உதவி செய்கிறவர். அதைச் சொல்ல அவர் திரட்டிய துணிவு பெரிது.

சட்டத்தின் பணியும் மீதி இருக்கிறது. தனியார் வாடகை வீட்டில் நடக்கும் வேற்றுமைக்கு எதிராக முழுமையான சட்டம் நம்மிடம் இல்லை. ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினராகும் உரிமையைப் பார்சிகளுக்கு மட்டும் என்று வரையறுத்த விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றது. சம வாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்று சச்சார் குழு 2006இல் பரிந்துரைத்தது. அந்த ஆணையம் இன்னும் வரவில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம். நமக்கு வீடு மறுத்த அன்று மட்டும் கேட்டால் போதாது. பிறருக்கு மறுக்கும்போதும் கேட்க வேண்டும்.

கடைசியாக, இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். நம் தமிழ் அமைப்புகளின் மேடைகளில் இதுவரை தலைமை தாங்கியவர், சிறப்புரை ஆற்றியவர், பரிசு பெற்றவர், பந்தியில் பரிமாறியவர், நாற்காலி எடுத்துப் போட்டவர் யார் யார் என்று அழைப்பிதழ்களையும் நினைவையும் துணைகொண்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். அதில் பெண்கள் எத்தனை பேர், கட்டடத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், இளைஞர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்; எண்ணை மட்டும் செயற்குழுவில் வாசியுங்கள். பிறகு, அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை ஆற்றுபவரைத் தேர்ந்தெடுக்கும்போது, தகுதி என்ன என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு, பெயர்களைப் பிறகு கேளுங்கள். சீர்திருத்தம் அந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானத்திலேயே தொடங்கிவிடும்.